பியோங்யாங்கில் நமக்குத் திறந்திருக்கும் கதவு: வெளியுறவு அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு வெளியுறவுத் துறை அமைச்சர் அவர்களுக்கும் அமைச்சகத்தின் கிழக்காசியப் பிரிவு அதிகாரிகளுக்கும் வணக்கம்.

கொரோனாக் காலத்தில், 2021 ஜூலையில், மூடப்பட்ட பியோங்யாங் இந்தியத் தூதரகம் 2024 டிசம்பரில் மீண்டும் இயங்கத் தொடங்கியது. மேற்கு நாடுகள் பலவற்றின் தூதரகங்கள் அங்கே பூட்டியே கிடந்த வேளையில் நாம் திரும்பிச் சென்றோம். 1973 முதல் இரு கொரியாக்களுடனும் முழுமையான தூதரக உறவு வைத்திருக்கும் நாடு என்பதால் அதில் வியப்பில்லை. ஆனால் திரும்பிச் சென்றதற்கு ஒரு பயன் இருக்க வேண்டும் என்று கேட்பதற்கு இந்நாட்டுக் குடிமக்களுக்கு உரிமை உண்டு. நான் முன்வைக்கும் கோரிக்கை மிகச் சிறியது. வட கொரியாவின் அணு ஆயுதங்களைக் கைவிடச் செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. அது நம்மால் ஆகிற காரியமும் அல்ல. இரு கொரிய ராணுவங்களுக்கும் இடையே அறுந்து கிடக்கும் தொலைபேசித் தொடர்பை மீட்கவும், எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்பதை இரு தரப்பும் ஒருமுறை சேர்ந்து சரிபார்க்கவும் இந்தியா தன் நல்லெண்ணத்தைப் பயன்படுத்த வேண்டும் என்பதே அது.

ஏன் இவ்வளவு சிறிய விஷயம் என்றால், பெரிய ஆபத்து அங்கேதான் இருக்கிறது. 2024 ஜூன் 9 அன்று வட கொரியப் படைவீரர்கள் ஏறத்தாழ இருபது பேர், இரு கொரியாக்களுக்கும் இடையே உள்ள ராணுவமற்ற மண்டலத்தின் நடுவே ஓடும் எல்லைக்கோட்டைத் தாண்டித் தெற்கே வந்தார்கள். சிலர் ஆயுதம் ஏந்தியிருந்தாலும் பெரும்பாலோர் கையில் இருந்தவை குந்தாலி போன்ற வேலைக்கருவிகள். தென் கொரியப் படை ஒலிபெருக்கியில் எச்சரித்தது, பிறகு எச்சரிக்கைச் சூடு நடத்தியது, வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். புதர் மண்டிய இடத்தில் வழி தவறி வந்துவிட்டார்கள் என்று தென் கொரிய ராணுவமே பின்னர் விளக்கியது. அதே மாதத்தில் இது மீண்டும் நிகழ்ந்தது. 2025 ஆகஸ்டில் நடந்த எச்சரிக்கைச் சூட்டை, கட்டுப்படுத்த முடியாத நிலைக்கு இட்டுச்செல்லும் ஆத்திரமூட்டல் என்று பியோங்யாங் கண்டித்தது. 1953-இல் கொரியப் போரை நிறுத்திய போர்நிறுத்தம் கையெழுத்தான பின் ஏறத்தாழ 250 கிலோமீட்டர் நீளத்துக்கு நடப்பட்ட குறியீட்டுப் பலகைகளில் பெரும்பாலானவை இன்று இல்லை. கோடு எங்கே என்பதில் இரு தரப்பு வரைபடங்களும் சில இடங்களில் ஒத்துப்போவதும் இல்லை. களை வெட்டவும் கண்ணிவெடி புதைக்கவும் அனுப்பப்படும் இளைஞர்கள் ஆண்டுதோறும் இந்தக் காட்டுக்குள்தான் இறக்கிவிடப்படுகிறார்கள். எச்சரிக்கைச் சூட்டில் ஒரு குண்டு தவறி ஒருவர் மீது பட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள். அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள் சியோல் நகரம் இருக்கிறது, தென் கொரிய மக்கள்தொகையில் பாதி அந்த நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்தது.

இத்தகைய நேரத்தில் பேசுவதற்கென்றே ஒரு தொடர்பு இருந்தது. நாள்தோறும் காலையிலும் மாலையிலும் இரு தரப்பு அலுவலர்களும் தொலைபேசியில் அழைத்து, இணைப்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார்கள். 2023 ஏப்ரல் 7 முதல் வடக்கே அழைப்பை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அந்த ஆண்டு நவம்பரில் வட கொரியா உளவுச் செயற்கைக்கோளை ஏவியதும், எல்லையில் பதற்றத்தைத் தணிக்க இரு கொரியாக்களும் 2018 செப்டம்பரில் செய்துகொண்ட ராணுவ உடன்பாட்டின் ஒரு பகுதியைத் தெற்கு நிறுத்திவைத்தது. வடக்கு முழுவதையும் உதறியது. அதன் பின் வந்தவை வடக்கு அனுப்பிய குப்பை கட்டிய பலூன்கள், ஒலிபெருக்கிப் போர், 2024 அக்டோபரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்ட சாலைகள். எல்லையோரத்து கங்ஹ்வா தீவு மக்கள் வடக்கிலிருந்து இரவு பகலாக வந்த உலோக உராய்வுச் சத்தத்தால் மாதக்கணக்கில் தூக்கமின்றித் தவித்தார்கள். 2025 ஜூனில் தென் கொரியாவில் அதிபர் லீ ஜே மியுங்கின் அரசு பதவியேற்றதும் தெற்கின் ஒலிபெருக்கிகளை நிறுத்தியது, மறுநாளே வடக்கின் சத்தமும் நின்றது. சொல்லிக்கொள்ளாமலேயே நடந்த அந்த ஒரு பரிமாற்றத்தைப் பியோங்யாங் விவகாரத்தில் கைவிரித்துவிட்டவர்கள் கவனிக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனிக்கலாம். சாலைகளைத் துண்டித்து எல்லையை அரண்படுத்தப் போவதை 2024 அக்டோபர் 9 அன்று வட கொரிய ராணுவம் அமெரிக்கத் தரப்புக்குத் தொலைபேசியில் முன்கூட்டியே தெரிவித்தது. தவறான கணிப்பையும் தற்செயலான மோதலையும் தவிர்க்கவே அப்படிச் செய்ததாக அதுவே அறிவித்தது. தொலைபேசியின் அருமை அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. தெற்கோடு பேசுவது, ஒருகாலத்தில் ஒன்றுசேரப் போகும் உறவினரோடு பேசுவதாகத் தோன்றக் கூடாது என்பதுதான் அவர்களுடைய தடை. 2023 இறுதியில் கிம் ஜாங் உன் இரு கொரியாக்களையும் ஒன்றிணைக்கும் கொள்கையைக் கைவிட்டு, இனி இவை ஒன்றுக்கொன்று பகையான இரு நாடுகள் என்று அறிவித்தார். அதைக் கேட்டுப் பலரும் கதவு அடைந்துவிட்டது என்றார்கள். எனக்கு அது வேறு விதமாகப் படுகிறது. பகை நாடுகளுக்கு எல்லைக்கோடு வேண்டும், கோட்டின் இருபுறமும் தொலைபேசி வேண்டும். உறவு கொண்டாடாமலேயே அதைச் செய்யலாம்.

அப்படிச் செய்து பழகியவர்கள் நாம். இந்தியாவும் பாகிஸ்தானும் போரிட்டும் தூதர்களைத் திருப்பி அனுப்பியும்கூட, 1988-இல் கையெழுத்தான உடன்பாட்டின்படி 1992 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று அணு நிலையங்களின் பட்டியலைப் பரிமாறி வந்திருக்கின்றன. பெரிய ராணுவப் பயிற்சிகளை முன்கூட்டித் தெரிவிக்க 1991-இலும், ஏவுகணைச் சோதனைகளை முன்கூட்டித் தெரிவிக்க 2005-இலும் உடன்பாடுகள் கண்டோம். 2022 மார்ச் 9 அன்று நம்முடைய ஏவுகணை ஒன்று தவறுதலாகப் பறந்து பாகிஸ்தானில் விழுந்தது. இரண்டு நாள் கழித்துத் தொழில்நுட்பக் கோளாறு என்று டெல்லி ஒப்புக்கொண்டது. எவ்வளவு பொறுப்பான ராணுவத்திலும் இது நடக்கும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. 2025 மே 10 அன்று மோதல் நின்றது, பாகிஸ்தானின் ராணுவ நடவடிக்கைகளுக்கான தலைமை இயக்குநர் பிற்பகல் 3.35 மணிக்கு இந்திய இயக்குநரை அழைத்த பிறகுதான் என்று நம் வெளியுறவுச் செயலரே அறிவித்தார். இந்த அனுபவத்தைப் பியோங்யாங்கில் எடுத்துச்சொல்ல நம்மைவிடத் தகுதியானவர் யார்?

வரலாற்று உரிமையும் நமக்கு உண்டு. 1953-இல் நாடு திரும்ப மறுத்த போர்க்கைதிகளின் பிரச்சினையைத் தீர்க்க அமைந்த நடுநிலை நாடுகள் ஆணையத்துக்குத் தலைமை ஏற்றவர் நம் ஜெனரல் திம்மையா. இந்தியப் படை தன் மண்ணில் கால்வைக்கக் கூடாது என்று தென் கொரிய அதிபர் சிங்மன் ரீ பிடிவாதம் பிடித்ததால், நம் வீரர்கள் கப்பலிலிருந்து ஹெலிகாப்டரில் நேரே ராணுவமற்ற மண்டலத்தில் இறக்கப்பட்டார்கள். எந்தத் தரப்பும் நம்மைக் கொண்டாடவில்லை, ஆனாலும் வேலை முடிந்தது. அதற்கு முன்பே, லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் தலைமையில் 60-ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவு கொரியப் போரில் காயமுற்றோருக்குச் சிகிச்சை அளித்து வந்தது.

மறுப்புகளை அறியாமல் எழுதவில்லை. பாகிஸ்தானின் கௌரி ஏவுகணை வட கொரிய நோடோங் வழிவந்தது. 1999-இல் காண்ட்லா துறைமுகத்தில் ஏவுகணைப் பாகங்களுடன் பிடிபட்டது வட கொரியக் கப்பல். 2014-இல் ஐ.நா. விசாரணை ஆணையம், அங்கே நடப்பவை மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்கள் என்று முடிவுசெய்தது. ரஷ்யாவுக்குப் படைவீரர்களை அனுப்பி ஈடாகப் பலவற்றைப் பெறும் அரசு இந்தியாவின் சொல்லுக்கு ஏன் காதுகொடுக்க வேண்டும் என்றும் கேட்கலாம். கொடுக்காமலும் போகலாம். ஆயினும் நாம் கேட்பதற்காகத் தடைகளில் ஒன்றையும் தளர்த்த வேண்டியதில்லை, அந்த அரசின் குற்றங்களில் ஒன்றையும் மறக்க வேண்டியதில்லை. தோற்றால் இழப்பு ஒரு சில சந்திப்புகளுக்கான நேரம் மட்டுமே.

ஆகவே, எல்லைக்கோட்டைத் தெளிவுபடுத்த ராணுவப் பேச்சுக்கு வரும்படி 2025 நவம்பரில் சியோல் விடுத்த அழைப்பை அடிப்படையாக வைத்து, 1991, 2005 உடன்பாடுகளின் வாசகங்களையும் அவை நடைமுறையில் இயங்கும் விதத்தையும் நம் பியோங்யாங் தூதர் வட கொரிய வெளியுறவு அமைச்சகத்திடம் நேரில் விளக்க வேண்டும். இரு தரப்பு ராணுவ அதிகாரிகளும் ஓசையின்றிச் சந்திக்க டெல்லியில் இடம் தரத் தயார் என்பதையும் சொல்ல வேண்டும். இதில் என்ன முயற்சி எடுக்கப்பட்டது என்பதை நாடாளுமன்றத்தின் அடுத்த கூட்டத்தொடரில் அமைச்சர் அவர்கள் அறிக்கையாக வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு குடிமகன்