ஜானிஸ் ஜாப்ளினின் அந்த எல்பி இசைத்தட்டு சரியான தட்டுதான்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க ராக் பாடகி ஜானிஸ் ஜாப்ளினின் முதல் தனி ஆல்பம் 'ஐ காட் டெம் ஓல் காஸ்மிக் ப்ளூஸ் அகெய்ன் மாமா!' கடைக்கு வந்ததிலிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "சீப் த்ரில்ஸ் கேட்டுப் பிடித்துப்போய்த்தான் இதை வாங்கினேன். இதில் கூட்டத்தின் ஆரவாரமே இல்லை, கிட்டார் பின்னால் போய்விட்டது, எங்கே பார்த்தாலும் டிரம்பெட். தட்டு மாறிவிட்டதா, இல்லை தட்டை அச்சடித்த பிரஸ்ஸிங்கில் கோளாறா?" சிலர் தட்டைத் திருப்பியும் கொண்டுவந்தார்கள். தட்டு மாறவில்லை, கோளாறும் இல்லை. இந்த ஆல்பம் ஏன் இப்படி ஒலிக்கிறது என்பதை எல்லோருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம்.

முதலில் 'சீப் த்ரில்ஸ்' பற்றி. 1968 ஆகஸ்டில் வந்த அந்த ஆல்பம் ஜானிஸின் தனி ஆல்பம் அல்ல. 'பிக் பிரதர் அண்ட் தி ஹோல்டிங் கம்பெனி' என்ற சான் பிரான்சிஸ்கோ குழுவின் ஆல்பம். 1966இல் அந்தக் குழுவில் பாடகியாகச் சேர்ந்த ஜானிஸ், 1967இல் மான்டரே இசை விழா மேடையில் பாடிய பிறகு நாடறிந்தவர் ஆனார். ஆல்பம் எட்டு வாரம் அமெரிக்காவின் பில்போர்ட் ஆல்பம் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. அதில் கேட்கும் ஆரவாரம் பெரும்பாலும் பின்னால் சேர்த்தது. 'பால் அண்ட் செயின்' நிஜமாகவே மேடையில் பதிவானது, மற்றவை பெரும்பாலும் ஸ்டுடியோ வேலைதான். ஆக, புது ஆல்பத்தில் காணாமல் போனதாக நீங்கள் நினைக்கும் அந்தக் கூட்டம் பழையதிலும் அவ்வளவாக இருந்ததில்லை.

அந்த வெற்றி கையில் இருக்கும்போதே, 1968 முடிவில், ஜானிஸ் குழுவை விட்டு வெளியேறினார். கிட்டார் கலைஞர் சாம் ஆண்ட்ரூ மட்டும் கூடவே வந்தார். ஜானிஸுக்கு வேண்டியிருந்தது சோல் இசை, அதாவது கறுப்பின அமெரிக்கர்களின் தேவாலயப் பாட்டிலிருந்தும் ப்ளூஸிலிருந்தும் வளர்ந்த இசை. சோல் பாடகர் ஓட்டிஸ் ரெடிங் சான் பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் அரங்கில் பாடியபோது, முன்வரிசையில் இடம் பிடிக்கச் சீக்கிரமே போய் நின்றவர் அவர். சாக்ஸபோன், டிரம்பெட், ஆர்கன் எல்லாம் சேர்ந்து பாடகருக்குப் பதில் சொல்லிக்கொண்டே போகும் அந்த அமைப்பு தனக்கும் வேண்டும் என்று ஆசைப்பட்டார். இரண்டு கிட்டார்கள் இரைந்துகொண்டிருக்கும் பிக் பிரதரில் அதற்கு இடம் இல்லை.

புதுக் குழுவுக்கு அப்போது பெயர்கூட வைக்கவில்லை. சில வார ஒத்திகையோடு, 1968 டிசம்பர் 21 அன்று மெம்ஃபிஸ் நகரில், ஓட்டிஸ் ரெடிங்கை வளர்த்த ஸ்டாக்ஸ் இசைத்தட்டு நிறுவனத்தின் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் மேடை ஏறினார்கள். சோல் இசையை நாள்தோறும் கேட்டுப் பழகிய ஊர் அது. எடுபடவில்லை. மார்ச்சில் சொந்த ஊர் மாதிரியான சான் பிரான்சிஸ்கோவில் பாடியபோது, 'பிக் பிரதரோடு திரும்பப் போய்ச் சேர்வதே நல்லது' என்று அங்கத்திய பத்திரிகை விமர்சகர் ரால்ஃப் க்ளீசன் எழுதினார். ஏப்ரலில் ஐரோப்பாவுக்குப் போன பிறகுதான் நல்ல வரவேற்பு கிடைத்தது. லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலிலும் பாடினார்கள்.

இதெல்லாம் முடிந்து, 1969 ஜூனில் ஹாலிவுட்டில் ஆல்பம் பதிவானது. தயாரிப்பாளர் கேப்ரியல் மெக்லர், ஸ்டெப்பன்வுல்ஃப் குழுவின் ஆல்பங்களைத் தயாரித்தவர். செப்டம்பரில் வெளியாகி பில்போர்ட் பட்டியலில் ஐந்தாம் இடம் வரை போனது. மொத்தம் எட்டே பாட்டு.

இனி பாட்டுகளுக்கு வருவோம். பிராஸ், அதாவது டிரம்பெட் மாதிரியான ஊதும் வாத்தியங்கள், சில இடங்களில் ஜானிஸின் குரலோடு மல்லுக்கு நிற்கின்றன என்பது உண்மைதான். 'ஆஸ் குட் ஆஸ் யூ'வ் பீன் டு திஸ் வேர்ல்ட்' பாட்டில் வாத்தியங்கள் வெகுநேரம் வாசித்த பிறகுதான் குரல் வரும். அங்கே பொறுமை வேண்டும். ஆனால் 'மேபி' கேளுங்கள். த சான்டெல்ஸ் என்ற பெண்கள் குழு 1950களில் பாடிய பாட்டு அது. ஜானிஸ் கெஞ்சி நிறுத்தும் இடத்தை பிராஸ் சரியாக வந்து தாங்கிப் பிடிக்கும். எதற்காகக் குழுவை விட்டு வந்தார் என்பது அந்த ஒரு பாட்டிலேயே புரிந்துவிடும்.

எங்களுக்கு மிகவும் பிடித்தது இரண்டாம் பக்கத்தின் மூன்றாவது பாட்டு, 'லிட்டில் கேர்ள் ப்ளூ'. 1935இல் ரிச்சர்ட் ராட்ஜர்ஸும் லாரன்ஸ் ஹார்ட்டும் ஒரு பிராட்வே நாடகத்துக்கு எழுதியது. கிட்டார் மெதுவாகத் தொடங்கும். ஜானிஸ் கத்துவதில்லை. தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் பக்கத்தில் போய் அமர்ந்து ஆறுதல் சொல்வது மாதிரி பாடுவார். குரல் உயரப்போகிறது என்று நாம் எதிர்பார்க்கும் இடத்தில் அவர் அதை அடக்கிக்கொள்வதைக் கவனியுங்கள். பிக் பிரதர் காலத்தில் இந்த அடக்கத்தை அவரிடம் நாம் அதிகம் கேட்டதில்லை.

அடுத்தது, இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு, 'வொர்க் மீ, லார்ட்'. ஆல்பம் வெளிவருவதற்கு ஒரு மாதம் முன்பு, ஆகஸ்டில், உட்ஸ்டாக் இசை விழா மேடையிலும் இதைப் பாடினார். சிலர் சொன்ன இன்னொரு புகார் இந்தப் பாட்டைப் பற்றியதுதான்: "கடைசியில் குரல் கிழிகிறது." இது நாம் சேர்ந்து பார்க்க வேண்டிய விஷயம். தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்று ஒரே வேகத்தில்தான் சுற்றும். ஆனால் வெளி ஓரத்தில் ஊசிக்குக் கீழே நொடிக்கு 50 செ.மீ. அளவுக்கு க்ரூவ், அதாவது ஒலி பதிந்த பள்ளம், ஓடும், லேபிளை நெருங்கும்போது அது 20 செ.மீ. பக்கம் குறைந்துவிடும். அதே ஒலி அங்கே நெருக்கியடித்துப் பதிந்திருக்கும். ஊசி தேய்ந்திருந்தாலோ, ஊசியைப் பிடித்திருக்கும் கார்ட்ரிட்ஜ் கொஞ்சம் கோணலாக இருந்தாலோ, முதலில் அடிபடுவது பக்கத்தின் கடைசிப் பாட்டு.

ஜானிஸின் குரலில் இயல்பாகவே ஒரு கரகரப்பு உண்டு என்பதால் எது அவர், எது ஊசி என்று குழப்பம் வரும். பிரித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. முதல் பக்கத்தின் தொடக்கமான 'ட்ரை'யை அதே சத்தத்தில் வையுங்கள். அங்கே சுத்தமாக இருந்து, கடைசிப் பாட்டில் மட்டும் 'ஸ்' ஒலிகள் சீறி, டிரம்பெட்டும் சிம்பலும் சேர்ந்து கிழிந்தால், அது ஊசி. குரல் மட்டும் கரகரத்து மற்றதெல்லாம் தெளிவாக இருந்தால் அது ஜானிஸ்.

பழைய அமெரிக்கப் பிரதி வேண்டும் என்பவர்களுக்கு: எண் கேசிஎஸ் 9913. சிவப்பு லேபிளின் அடியில் '360 சவுண்ட்' என்று இருந்தால் அது ஆரம்ப காலத்துப் பிரதி. லேபிளைச் சுற்றி 'கொலம்பியா' என்ற நிறுவனப் பெயர் வட்டமாகத் திரும்பத் திரும்ப வந்தால் 1970க்குப் பிந்தியது. பழைய பிரதிகளைத் தரம் பிரிக்கும்போது 'லிட்டில் கேர்ள் ப்ளூ'வை முழுதாகப் போட்டுக் கேட்கிறோம். அமைதியான பாட்டு, சின்னக் கீறலும் அதில் மறையாது. பழைய தட்டில் கொஞ்சம் சத்தம் இருக்கத்தான் செய்யும். அது வேண்டாம் என்றால் புதுப் பிரஸ்ஸிங்கே நல்லது.

இந்தக் குழு 1969 முடிவோடு கலைந்தது. ஜானிஸ் 1970 அக்டோபர் 4 அன்று, 27 வயதில் இறந்தார். அவருடைய அடுத்த தனி ஆல்பமான 'பேர்ல்' அதற்கு அடுத்த ஆண்டுதான் வந்தது. அவர் உயிரோடு இருந்தபோது வெளியான ஒரே தனி ஆல்பம் இதுதான். தரமற்றது என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம் என்று நாங்கள் இவ்வளவு தூரம் சொல்வது அதனால்தான்.

இதற்குப் பிறகும் பிடிக்காவிட்டால் தாராளமாகக் கொண்டுவாருங்கள், அதே விலைக்கு வேறு தட்டு எடுத்துக்கொள்ளலாம். அதற்கு முன் இரண்டாம் பக்கத்தை மட்டும் ஒருமுறை முழுதாகக் கேட்டுவிடுங்கள். ஊசியில் சந்தேகம் இருப்பவர்கள் டர்ன்டேபிளையோ கார்ட்ரிட்ஜையோ கடைக்கு எடுத்துவந்தால் பார்த்துச் சரிசெய்து தருகிறோம், அதற்குக் கட்டணம் இல்லை. பழைய பிரதிகள் கொஞ்சம்தான் இருக்கின்றன. வேண்டுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால் எடுத்து வைக்கிறோம்.

அன்புடன்,
கடையிலிருந்து