எம்.ஃபில். போன பிறகு: முதுநிலைக் கணிதத்தில் ஆய்வுப் பயிற்சி எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்னையில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பின்னும் ஆண்டுதோறும் எம்.எஸ்சி. மாணவர்களின் புராஜெக்ட் வாய்மொழித் தேர்வுக்குப் புறத்தேர்வாளராக அழைப்பு வருகிறது, போய் வருகிறேன். கடந்த ஏப்ரலில் அப்படிச் சென்ற ஒரு கல்லூரியில், கறுப்பு ரெக்சின் அட்டையும் பொன்னெழுத்துமாகப் பதினோரு ஆய்வேடுகளை மேசையில் அடுக்கி வைத்திருந்தார்கள். ஒன்றைப் புரட்டியபோது, ஒரு வரையறையின் நடுவே, 'கணத்தின் உறுப்பு' என்பதைக் குறிக்கும் குறி வர வேண்டிய இடத்தில் ஒரு சிறு கட்டம் அச்சாகியிருந்தது. எழுத்துரு மாறும்போது கணினி செய்கிற வழக்கமான கோளாறுதான். அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் முந்தைய ஆண்டும் அதே துறையில் அதே கட்டத்தைப் பார்த்த நினைவு வந்தது. அலமாரியிலிருந்து பழைய ஏடுகளை எடுத்து வரச் சொன்னேன். மூன்று ஆண்டுகளாக, மூன்று வெவ்வேறு பெயர்களின் கீழ், அந்தக் கட்டம் அதே வரியில் இருந்தது. "இது என்னம்மா?" என்று அந்த மாணவியிடம் கேட்டேன். சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "அதுவும் ஒரு சிம்பல், சார்" என்றார்.

அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபமில்லை. திருவல்லிக்கேணியில் டி.டி.பி. செய்து பைண்டிங்கும் போட்டுத் தரும் கடைகளில் மார்ச் மாதக் கடைசியில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: "போன வருஷத்து ஃபைல் இருக்கு, பேரை மட்டும் மாத்தினா போதும்" என்று கடைக்காரரே யோசனை சொல்லிவிடுகிறார். ஆராய்ச்சி என்றால் என்ன, ஓர் ஆய்வுக் கட்டுரையை எப்படிப் படிப்பது, படித்ததை எப்படி எழுதுவது என்று முதல் மூன்று பருவங்களிலும் ஒருவரும் சொல்லித் தராமல், நான்காம் பருவத்தில் திடீரென்று 'ஆய்வேடு கொடு' என்று கேட்டால் மாணவர்கள் வேறென்ன செய்வார்கள்? முதுநிலைக் கணிதப் பாடத்திட்டத்தில் ஆய்வுப் பயிற்சிக்கென்று ஒரு தனிப் பாடம், ஓராண்டு நீளத்துக்கு, முறையாக வேண்டும் என்பதை வலியுறுத்தவே இதை எழுதுகிறேன்.

இந்தத் தேவை முன்பு இவ்வளவு கடுமையாகத் தெரியவில்லை, காரணம், எம்.ஃபில். இருந்தது. முதுநிலை முடித்தவர் ஓராண்டு ஒரு நெறியாளரிடம் அமர்ந்து, சில தாள்களைப் படித்து, சிறிய ஆய்வேடு ஒன்றை எழுதி, தனக்கு ஆராய்ச்சி ஒத்துவருமா என்று தெரிந்துகொள்ள அந்தப் படிப்பு இடம் கொடுத்தது. அதன் குறைகளை நான் மறைக்கவில்லை; தொலைநிலைக் கல்வியில் அது மலிந்துபோன காலமும் உண்டு. ஆயினும் தடுக்கி விழுந்தாலும் அடிபடாத இடம் ஒன்று இருந்தது. புதிய தேசியக் கல்விக் கொள்கையையொட்டிப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட பிஎச்.டி. ஒழுங்குமுறைகள் எம்.ஃபில். படிப்பை நிறுத்திவிட்டன. எனவே இன்று எம்.எஸ்சி. முடித்த மாணவர் நேராக முனைவர் பட்ட ஆய்வுக்குள் காலெடுத்து வைக்கிறார். நடுவில் இருந்த படி எடுக்கப்பட்டுவிட்டது. கீழ்ப்படியை உயர்த்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பிஎச்.டி.க்குள் நுழைந்த பின் கோர்ஸ் ஒர்க் இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது. அதே ஒழுங்குமுறைகள் குறைந்தது 12 கிரெடிட் என்று விதித்து, அதில் ஆய்வு முறையியலும் ஆய்வு, வெளியீட்டு நெறிமுறைகள் குறித்த பாடமும் அடங்க வேண்டும் என்கின்றன. நெறிமுறைப் பாடம் எல்லாத் துறையினருக்கும் வேண்டியதுதான். மேலே சொன்ன கட்டமே அதற்குச் சான்று. சிக்கல் ஆய்வு முறையியலில் இருக்கிறது. பல இடங்களில் அது எல்லாத் துறைகளுக்கும் பொதுவான ஒரே தாள். கணிதத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த என் பழைய மாணவர் ஒருவர், வினாநிரல் தயாரிப்பது, மாதிரி எடுப்பது, கருதுகோளைக் கை வர்க்கம் (chi-square) என்ற புள்ளியியல் சோதனையால் சோதிப்பது ஆகியவற்றை ஒரு பருவம் முழுவதும் படித்துத் தேர்வெழுதினார். புள்ளியியலுக்கும் சமூகவியலுக்கும் உயிரான கருவிகள் இவை. நான் அவற்றைத் தாழ்த்திப் பேசவில்லை. இடவியலில் ஒரு தேற்றத்தை நிறுவ முயல்கிறவர் யாரிடம் வினாநிரலை நீட்டுவார் என்பதுதான் என் கேள்வி.

கணிதத்தில் சான்று என்பதே வேறு வகை. அதற்கு வெளியூர் உதாரணம் வேண்டியதில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் ஆனந்த ராவிடம் ஆய்வு பயின்ற எஸ். எஸ். பிள்ளை 1940இல் ஓர் அழகான முடிவை வெளியிட்டார். அடுத்தடுத்து வரும் முழு எண்களை இரண்டு முதல் பதினாறு வரை எத்தனை எடுத்துக்கொண்டாலும், மற்ற எல்லாவற்றோடும் 1ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லாத எண் ஒன்றாவது அவற்றுள் இருந்தே தீரும். பதினேழு எண்களாகும்போது இது பொய்த்துவிடும். எங்கே பொய்க்கிறது என்று 1 முதல் 17 வரை, 2 முதல் 18 வரை எனப் பதினேழு பதினேழாக எடுத்துச் சோதித்துக்கொண்டே போனால், முதல் 2183 தொகுதிகளிலும் கூற்று சரியாகவே இருக்கும். 2184 முதல் 2200 வரையுள்ள தொகுதியில்தான் முதன்முதலாக உடைகிறது. 2189ஐப் பாருங்கள், 11 மடங்கு 199. தனியாக நிற்பது போலத் தோன்றும், ஆனால் 2200இலும் 11 இருக்கிறது. 2197 என்பது 13இன் கனம். 2184இலும் 13 இருக்கிறது. மாதிரி எடுத்து முடிவு சொல்கிறவர் ஈராயிரம் தொகுதிகள் சரியாக வந்ததைக் கண்டு நிம்மதியாக உறங்கப் போயிருப்பார்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, சனிக்கிழமைகளில் ஆறு மாணவர்களை அமர்த்தி இதே முடிவைக் கொடுத்துப் பார்த்தேன். மூன்று எண்கள் என்றால் நடு எண் போதும் என்று ஐந்து நிமிடத்தில் கண்டார்கள். நான்கு என்றால் நடுவிலுள்ள இரண்டில் ஒற்றை எண்ணை எடுக்க வேண்டும் என்பதற்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. ஐந்துக்கு வந்தபோது 3 என்ற எண் குறுக்கே வந்தது. நடு எண் இரட்டையாக இருந்தால் அதன் இருபுறமும் உள்ள ஒற்றை எண்கள் இரண்டும் ஒருசேர 3ஆல் வகுபடாது என்பதைப் பொன்னேரியிலிருந்து மின்சார ரயிலில் வரும் ஒரு மாணவர் அடுத்த சனிக்கிழமை எழுதிக்கொண்டு வந்தார். அவர் எழுதிய அரைப் பக்கத்தில் அடித்தல் திருத்தல் ஏராளம், ஆங்கிலமும் பிழைபட்டிருந்தது. ஆனால் ஒவ்வொரு வரியும் அவருடையது. பதினோரு ரெக்சின் அட்டைகளுக்குள்ளும் அப்படி அரைப் பக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

நான் கேட்கும் பாடம் இவ்வளவுதான். மூன்றாம் பருவத் தொடக்கத்திலேயே ஒவ்வொரு மாணவருக்கும் எட்டுப் பத்துப் பக்கமுள்ள, பழைய, தெளிவான ஆய்வுக் கட்டுரை ஒன்றைக் கொடுக்க வேண்டும். 'இது எளிதில் விளங்கும்' என்று ஆசிரியர் தாண்டிப் போன இடங்களையெல்லாம் மாணவர் தம் சொந்த வரிகளால் நிரப்ப வேண்டும். சில இடங்களில் ஒரு வரி மூன்று பக்கமாகும். தேற்றத்தின் நிபந்தனைகளில் ஒன்றை நீக்கினால் என்ன உடைகிறது என்று ஓர் எதிர்மறை எடுத்துக்காட்டைத் தேட வேண்டும். அந்தக் கட்டுரையைப் பின்னால் யார் யார் எடுத்தாண்டார்கள் என்று கண்டறியத் தெரிய வேண்டும். 2021 முதல் எவரும் கட்டணமின்றிப் பார்க்கக்கூடியதாகிவிட்ட சென்ட்ரல்பிளாட் கணிதத் தரவுத்தளமும், முன்வரைவுகள் குவிந்து கிடக்கும் ஆர்க்கைவ் தளமும் செல்பேசியிலேயே திறக்கும். தட்டச்சை, கணிதக் குறிகளை அச்சிட உதவும் லேட்டக் (LaTeX) மென்பொருளில் அவர்களே செய்ய வேண்டும். அதுவும் இலவசம்தான். தானே தட்டச்சு செய்கிறவர் ஒரு குறியின் இடத்தில் கட்டம் விழுந்தால் கண்டிப்பாகக் கவனிப்பார்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாரம் ஒருவர் கரும்பலகை முன் நின்று, கையில் தாளின்றி, அரை மணி நேரம் பேச வேண்டும். அந்தப் பேச்சு தமிழில் இருக்கத் தடையே கூடாது. எழுதுவது ஆங்கிலத்தில் இருக்கட்டும், அது பின்னால் தேவைப்படும். ஆனால் தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளை ஆங்கில வரையறையை நெட்டுருப் போட்டு ஒப்பிக்கும்போது, அவருக்குப் புரிந்திருக்கிறதா என்று அவருக்கே தெரிவதில்லை. "உன் தங்கச்சிக்குச் சொல்ற மாதிரி சொல்லு" என்று நான் சொன்ன பின் கணக்கு சட்டென்று விளங்கிய முகங்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன்.

நெட் தகுதித் தேர்வுக்குத் தயார் செய்வதே பிள்ளைகளுக்கு உடனடித் தேவை என்று சக ஆசிரியர்கள் மறுப்பதை அறிவேன். உதவித்தொகை அதைச் சார்ந்திருப்பதால் அந்தக் கவலையை அலட்சியப்படுத்த முடியாது. ஆனால் சி.எஸ்.ஐ.ஆர். எனும் அறிவியல், தொழிலக ஆய்வு மன்றத்துக்காகத் தேசியத் தேர்வு முகமை நடத்தும் அந்தத் தேர்வு மூன்று மணி நேரத்தில் 200 மதிப்பெண்ணுக்கு முழுக்க முழுக்கக் கொள்குறி வினாக்களால் ஆனது. சரியான விடையை அடையாளம் காண்பது ஒரு திறமை, விடையே இல்லாத வெள்ளைத் தாளின் முன் உட்காருவது வேறொரு திறமை. முன்னதற்குக் கோச்சிங் மையங்கள் நிறைய இருக்கின்றன. பின்னதற்குக் கல்லூரியை விட்டால் வேறு இடமில்லை.

ஆசிரியர் பற்றாக்குறை மெய்யான தடை. ஒரே ஆசிரியர் பத்துப் புராஜெக்டுகளைக் கவனிக்க வேண்டியிருக்கும்போது பழைய ஃபைல் அவருக்கும் வசதியாகிவிடுகிறது. அதற்கு இந்த நகரத்திலேயே துணை தேடலாம். சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இராமானுஜன் கணித உயராய்வு நிறுவனம், தரமணியில் 1962இல் தொடங்கிய கணித அறிவியல் நிறுவனம், கிண்டியில் ஐ.ஐ.டி., சிறுசேரியில் சென்னை கணிதவியல் கழகம் என்று இத்தனை கணித ஆய்வகங்கள் ஒரே ஊரில் அமைவது எளிதல்ல. அவற்றின் கருத்தரங்க அறிவிப்புகள் இணையத்தில் வருகின்றன. ஆண்டுக்கு நான்கு உரைகளைக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கக் குறிப்பு எழுதினால் ஒரு கிரெடிட் என்று வைத்தால், நம் கல்லூரி மாணவர்கள் அந்த வாசல்களை ஒருமுறையாவது மிதிப்பார்கள். லயோலா கல்லூரியில் ராசீன் பாதிரியார் பாடத்திட்டத்துக்கு அப்பாலிருந்த புதுக்கணிதத்தைத் தம் மாணவர்களுக்கு எடுத்துச் சொன்னதால்தான் சி. எஸ். சேஷாத்ரி போன்றவர்கள் ஆராய்ச்சிப் பக்கம் திரும்பினார்கள். அந்த சேஷாத்ரியே 1989இல் சென்னை கணிதவியல் கழகத்தைத் தொடங்கினார்.

மதிப்பீட்டு முறைக்கும் முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் இராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை அளித்தபோது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வறிக்கை தர வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறும் முன் அவர் அப்படி மூன்று அறிக்கைகள் கொடுத்தார். இராமானுஜனிடமே கேட்டதை நம் மாணவர்களிடம் கேட்பதில் தவறில்லை. கடைசி மாதத்தில் கொட்டை எழுத்தில் ஓர் ஏடு வாங்குவதற்குப் பதிலாக, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கையால் எழுதிய நாலு பக்க அறிக்கையை வாங்கி, அதன் மேல் பத்து நிமிடம் பேசி, அதற்கே அகமதிப்பீட்டு மதிப்பெண் கொடுக்கலாம்.

தன்னாட்சிக் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுக்கள் இதற்கு வேறெவருடைய அனுமதிக்கும் நெடுநாள் காத்திருக்க வேண்டியதில்லை. நான்காம் பருவ விருப்பப் பாடம் ஒன்றைக் கழித்தாலே நேரம் கிடைத்துவிடும். பல்கலைக்கழகமும் அடுத்த பாடத்திட்டத் திருத்தத்தில் இதை எடுத்துக்கொள்ள வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். என்னைப் போல் ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்கள் வடசென்னையிலேயே பலர் இருக்கிறோம். சனிக்கிழமை காலைகளில் எந்தக் கல்லூரி அழைத்தாலும் ஊதியமின்றி வந்து, ஆறேழு மாணவர்களோடு அமர்ந்து கட்டுரை படிக்க நான் அணியமாக இருக்கிறேன். கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணித இணைப் பேராசிரியர்,
பெரம்பூர், சென்னை.