வேதபாட ஐக்கியம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் அங்கத்தினர் அனைவருக்கும் கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

இந்த ஆண்டு இயேசு மலைமேல் போதித்த மலைப்பிரசங்கத்தை மட்டுமே தியானித்தோம். மத்தேயு 5 முதல் 7 வரை, மொத்தம் 111 வசனங்கள். சீக்கிரம் முடித்துவிடலாம் என்றுதான் தொடங்கினோம். ஆண்டு முழுவதும் போதவில்லை. போன வாரம் வாசித்ததை வீட்டிலும் வேலையிலும் எப்படிக் கைக்கொண்டோம் என்று பேசிய பிறகே அடுத்த பகுதிக்குப் போவது என வைத்துக்கொண்டதே காரணம். அந்த ஏற்பாடு நமக்கு நன்மையே செய்தது.

"உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும்" சொல்லச் சொல்லும் வசனத்தை வாசித்த பின், ஒரு சகோதரி சாட்சி சொன்னார். பேச விருப்பமில்லாத அழைப்பு வந்தால் போனைப் பிள்ளையிடம் கொடுத்து, "அம்மா வீட்டில் இல்லை என்று சொல்" என்பாராம். அதை விட்டுவிட்டார். அன்றாடம் விசுவாசம் சோதிக்கப்படுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட காரியங்களில்தான் என்பது என் எண்ணம்.

எங்களை அதிகம் அசைத்தது 5:23, 24. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்கிறார் ஆண்டவர். குறை நமக்கு அவன்மேல் அல்ல, அவனுக்கு நம்மேல் என்பதைக் கவனிக்க வேண்டும். மூத்த அங்கத்தினர் ஒருவர், பாகப்பிரிவினைக்குப் பின் பேச்சே அற்றுப்போன தம்பியைத் தேடிப் போனார். தம்பி கதவைத் திறந்தார். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. அண்ணன் மறுபடியும் போனார். இன்னும் முழு சமாதானம் உண்டாகவில்லை. இருவருக்காகவும் தொடர்ந்து ஜெபிக்கக் கேட்கிறேன்.

"எனக்கு இன்னும் விசுவாசம் வரவில்லை, நான் கூட்டத்துக்கு வரலாமா?" என்று ஓர் இளைஞர் கேட்டார். தாராளமாக வரலாம். "என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு கதறிய தகப்பனை இயேசு புறம்பே தள்ளாமல், பிள்ளையைச் சுகமாக்கினார் (மாற்கு 9). மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி குருப்பட்டம் பெற்று, அமெரிக்காவில் ஊழியம் செய்து திரும்பிய பின்புதான், 1738 மே 24 அன்று லண்டனில் ஒரு சிறு கூட்டத்தில் இரட்சிப்பின் நிச்சயத்தைப் பெற்றார். அந்த இளைஞர் இப்போது தவறாமல் வருகிறார், கேள்விகளோடு. அவர் கேள்விகளால் எங்கள் தியானம் ஆழமானது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வரும் ஆண்டில் யாக்கோபு நிருபத்தின் 5 அதிகாரங்களையும் இதே முறையில் தியானிக்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது. இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி சபையாரைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

கிறிஸ்துவின் பணியில்,
செயலாளர்