வகுப்பு எடுத்தவர்களுக்கும் வழிவிட்டவர்களுக்கும் ஒரு நன்றி மடல்

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

பெரியவர்களுக்கான வாழ்க்கைத் திறன் வகுப்புகளின் இந்தச் சுற்று நல்லபடியாக முடிந்துவிட்டது. ஒருங்கிணைப்பு வேலை பார்த்தவள் என்பதால் வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம் என்னிடம் நன்றி சொல்கிறார்கள். நான் செய்தது வீடு வீடாகப் போய்க் கேட்டது மட்டும்தான். கேட்டதும் சரி என்று சொல்லி வந்து நின்றவர்கள் வேறு ஆட்கள். எனக்கு வந்த நன்றியை உரிய இடத்தில் சேர்த்துவிடத்தான் இந்த மடல். பெயர் போடக் கூடாது என்று உங்களில் பாதிப் பேர் கறாராகச் சொல்லிவிட்டீர்கள். மீதிப் பேர் பெயரை மட்டும் போட்டால் நன்றாக இருக்காது என்பதால் யார் பெயரையும் போடவில்லை. படித்தால் யார் யாரென்று ஊருக்கே தெரியும்.

முதலில் எலெக்ட்ரீஷியன் அண்ணனுக்கு. எல்லோருக்கும் பிளக் மாட்டக் கற்றுக்கொடுத்துவிட்டால் உங்கள் பிழைப்பு கெடாதா என்று தயங்கித்தான் உங்களிடம் கேட்டேன். "ராத்திரி பத்து மணிக்கு பியூஸ் போட்டுத் தா என்று கூப்பிடுவது நின்றால் எனக்குத்தான் லாபம்" என்றீர்கள். வகுப்பு தொடங்கியதும் எதைச் செய்யலாம் என்று நீங்கள் ஆரம்பிக்கவில்லை. எதைத் தொடவே கூடாது என்றுதான் ஆரம்பித்தீர்கள். ஈரக் கை, ஈரத் தரை, மூடியில்லாத மெயின் போர்டு. அப்புறம் டெஸ்டர். கரண்ட் இருக்கும் இடத்தில் வைத்து டெஸ்டர் எரிகிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டு, மெயினை அணைத்த பிறகு வேலை செய்யப்போகும் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றீர்கள். கெட்டுப்போன டெஸ்டரும் எரியாது, கரண்ட் இல்லாத வயரிலும் டெஸ்டர் எரியாது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் கையை வைப்பவன்தான் அடிபடுகிறான் என்று நீங்கள் சொன்னபோது பின்பெஞ்சுப் பேச்சு நின்றது.

மூன்று முள் பிளக்கைக் கழற்றி ஆளுக்கொன்றாகக் கொடுத்தீர்களே, அந்த அரை மணி நேரம் எனக்கு மறக்காது. எர்த் முள் மட்டும் ஏன் நீளமாகவும் பருமனாகவும் இருக்கிறது என்று கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை. அதே பிளக்கைத்தான் தினமும் செருகி எடுக்கிறோம். உள்ளே போகும்போது முதலில் தொடுவதும் வெளியே வரும்போது கடைசியில் விடுவதும் எர்த்தாக இருக்க வேண்டும், அதற்குத்தான் அந்த நீளம் என்று விளக்கினீர்கள். கூடவே, பிளக்குக்குள் எர்த் வயரை மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் தளர்வாக விட்டு மாட்டச் சொன்னீர்கள். யாராவது வயரைப் பிடித்து இழுத்தாலும் கடைசியாக அறுந்து வருவது அதுவாக இருக்கட்டும் என்று. இதை எனக்குத் தெரிந்து எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தரவில்லை.

எம்சிபி வயரைக் காப்பாற்றும், இஎல்சிபி ஆளைக் காப்பாற்றும் என்ற உங்கள் வாசகம் இப்போது ஊரில் பழமொழி மாதிரி ஆகிவிட்டது. எம்சிபி என்பது கரண்ட் அளவுக்கு மீறிப் பாய்ந்தால் தானாக அணைந்துவிடும் சுவிட்ச். இஎல்சிபி என்பது கரண்ட் கசிந்தால் அணைந்துவிடுவது, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுந்துவிட வேண்டிய சாதனம். மாதம் ஒருமுறை டெஸ்ட் பொத்தானை அமுக்கிப் பாருங்கள் என்று அனுப்பினீர்கள். அமுக்கியும் விழாத வீடுகள் இருந்தன. அவற்றை மாற்றிக்கொடுக்க நீங்கள் அலைந்த அலைச்சலுக்குத் தனியாக ஒரு நன்றி. வேலை குறையும் என்று நான் பயந்ததற்கு நேர்மாறாக நடந்துவிட்டது.

அடுத்து நர்ஸ் அக்காவுக்கு. இரவுப் பணி முடிந்து, தூங்காத கண்ணோடு வந்து நின்றீர்கள். இதயம் நின்றுபோனவரின் நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்யப் பழகப் பொம்மை கிடைக்கவில்லை என்றதும், இறுக்கமாக அடைத்த தலையணைகளை வரிசையாகத் தரையில் போட்டீர்கள். முதலில் எல்லோரும் தலையணையைத் தடவிக்கொடுத்தோம். "அது தூங்கவில்லை, செத்துக்கொண்டிருக்கிறது, அழுத்துங்கள்" என்று நீங்கள் அதட்டிய பிறகுதான் கையில் பலம் வந்தது. பெரியவர்களுக்குக் குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழம் இறங்க வேண்டும், 6-ஐத் தாண்டக் கூடாது. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு அழுத்தலுக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலே எழும்ப விட வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்பதற்கு நீங்கள் காரணமே சொல்லத் தேவைப்படவில்லை. ஒரு நிமிடத்திலேயே எல்லோருக்கும் மூச்சு வாங்கியது.

பாம்புக்கடிப் பேச்சு வந்தபோது வகுப்பு சூடாகிவிட்டது. கடித்த இடத்துக்கு மேலே இறுக்கிக் கட்டுவதுதான் முறை என்று காலமெல்லாம் நம்பியவர்கள் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள், பாதிப் பேர் உங்களைவிட மூத்தவர்கள். நீங்கள் யாரையும் மட்டம்தட்டவில்லை. ரத்த ஓட்டத்தை நிறுத்தும்படி கட்டினால் கைகாலையே இழக்க நேரலாம், கட்டை அவிழ்க்கும்போது நிலைமை சட்டென்று மோசமாகலாம் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னீர்கள். கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம், பாம்பைத் துரத்திப் பிடிக்கவும் வேண்டாம். மோதிரம், வாட்ச் எல்லாவற்றையும் வீக்கம் வருவதற்கு முன்பே கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்கு நேராகக் கொண்டு போக வேண்டும். எந்த மருத்துவமனையில் அது இருக்கிறது என்று இன்றைக்கே விசாரித்து வையுங்கள், கடித்த பிறகு தேடாதீர்கள் என்றீர்களே, அந்த ஒரு வரிக்காகவே இந்த வகுப்பு நடந்ததற்கு அர்த்தம் உண்டு என்று நான் நினைக்கிறேன். வயலில் வேலை செய்கிறவர்களுக்கு இதைவிட அவசரமான பாடம் என்ன இருக்கிறது?

தீக்காயத்துக்கு ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் என்பதையும், பேஸ்ட், மை எதையும் பூசக் கூடாது என்பதையும் இப்போது சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்கிறார்கள். பெற்றவர்கள் வீட்டில் போய் ஒப்பித்திருக்கிறார்கள் போல.

வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஐயாவுக்கு. கணக்கு என்றதும் எழுந்து போகக் காத்திருந்த கூட்டத்தை நீங்கள் பன்னிரண்டு கூழாங்கற்களை வைத்துப் பிடித்து உட்கார வைத்தீர்கள். மேசையில் அவற்றை வரிசையாக வைத்து, ஒரு கல் ஆயிரம் என்றீர்கள். 12,000 கடன், ஒரு வருடத் தவணை, 12 சதவீத பிளாட் வட்டி. மாதம் ஒரு கல்லை எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டே வந்தீர்கள். கடைசி மாதம் ஒரே ஒரு கல் மிச்சம். "இப்போது உங்களிடம் இருக்கும் கடன் எவ்வளவு?" ஆயிரம் என்றார்கள். "வட்டி எவ்வளவுக்குக் கட்டுகிறீர்கள்?" கொஞ்ச நேரம் சத்தமில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டிதான் முதலில் பிடித்தார்: "பன்னிரண்டு கல்லுக்கும்ல கட்டுறோம்!" குறைந்துகொண்டே வரும் அசலுக்கு வட்டி போட்டுப் பார்த்தால் அந்த 12 என்பது 21 சதவீதத்துக்கும் மேல் போகிறது என்று நீங்கள் பலகையில் எழுதிக் காட்டியது அதற்குப் பிறகுதான். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவரும் அந்த இடத்தில் வட்டியைப் புரிந்துகொண்டார். இனி யாராவது வட்டி விகிதம் சொன்னால், பிளாட்டா, குறையும் அசலுக்கா என்று திருப்பிக் கேட்க இங்கே ஆள் இருக்கிறது.

வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதே, படித்துக் காட்டச் சொல்லி வெட்கப்படாமல் கேள், செல்போனுக்கு வரும் ஓடிபியைக் கேட்பவன் யாராக இருந்தாலும் திருடன் என்று வைத்துக்கொள் என்று நீங்கள் சொன்னவற்றை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி வகுப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

தையல் அக்கா, சைக்கிள் கடைக்காரர், குழாய் வேலை செய்யும் தம்பி, மூவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். தையல் வகுப்புக்கு ஆண்கள் வரமாட்டார்கள் என்று நான் சொன்னேன், அக்கா கேட்கவில்லை. பொத்தான் தைக்க வந்தவர்களில் சிலர் காற்சட்டைக் கரை மடித்துத் தைக்கும் அளவுக்குப் போய்விட்டார்கள். குழாய்த் தம்பி, சொட்டும் குழாய்க்கு வாஷர் மாற்றும் முன் வால்வை மூட வேண்டும் என்று நீ எத்தனை தடவை சொல்லியும் ஒருவர் மூடாமல் கழற்றி வகுப்பையே நனைத்தாரே, அதற்குப் பிறகு யாரும் அதை மறக்கவே போவதில்லை.

இனி, பாடம் எதுவும் நடத்தாதவர்களுக்கு. உண்மையில் இவர்களுக்குத்தான் நான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன். கிராமத்தில் இப்படி வகுப்பு வைத்தால் ஆசிரியர் கிடைப்பது பெரிய பாடில்லை. பகலெல்லாம் உழைத்த ஆட்கள் சாயங்காலம் வீட்டை விட்டு வந்து உட்கார வழி பண்ணுவதுதான் பாடு. பிள்ளைகளை யார் பார்ப்பது? மாட்டுக்கு யார் தண்ணீர் காட்டுவது? இருட்டில் எப்படித் திரும்புவது? பக்கத்து அறையில் பிள்ளைகளை வைத்து விளையாட்டுக் காட்டிய கல்லூரிப் பெண்களே, நீங்கள் இல்லாவிட்டால் இளம் தாய்மார்களில் ஒருவர்கூட வந்திருக்க மாட்டார். வகுப்பு முடிந்ததும் தூரத்து வீட்டுக்காரர்களை வண்டியில் ஏற்றி ஒவ்வொரு வாசலிலும் இறக்கிவிட்ட அண்ணன், கடைசி ஆளை இறக்கிவிட்டு நீங்கள் வீடு சேர்ந்த நேரத்தை அண்ணி என்னிடம் சொன்னார்கள். அண்ணிக்கும் சேர்த்தே இந்த நன்றி. மருமகளை "நீ போ, அடுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அனுப்பிய மாமியார்களுக்கும், வாயைத் திறக்காமல் அதே வேலையைச் செய்த சில கணவர்களுக்கும்.

பள்ளிக்கூடச் சாவியை நம்பிக் கொடுத்த தலைமை ஆசிரியருக்கு நன்றி. எட்டு வயதுப் பிள்ளைகளுக்குச் செய்த பெஞ்சில் பெரியவர்கள் முட்டியை மடக்கி உட்கார்ந்திருந்த கோலம் வேடிக்கையாகத்தான் இருந்தது. ஒரு பெஞ்சின் கால் ஆடுகிறது, தச்சு வகுப்பில் அதையே எடுத்துச் சரிசெய்து தருகிறோம்.

அறுவடை சமயத்தில் வகுப்பை நிறுத்தி வைக்கலாம் என்று சொன்ன பெரியவர்களுக்கும் நன்றி. நிறுத்தினால் கூட்டம் கலைந்துவிடும் என்று நான் அடம்பிடித்தேன். நிறுத்தினோம், வேலை முடிந்ததும் முன்பைவிட அதிகமானவர்கள் வந்தார்கள்.

சான்றிதழ் கொடுக்கவில்லையா என்று சிலர் கேட்டார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் எனக்கு ஒரு விஷயம் சொன்னார். டென்மார்க்கில் குருண்ட்விக் என்பவரின் சிந்தனையை வைத்து 1844-இல் ரோடிங் என்ற ஊரில் கிராமத்து மக்களுக்கென்று முதல் பள்ளி தொடங்கினார்களாம். அந்த வகைப் பள்ளிகள் இன்றும் அங்கே நடக்கின்றன, தேர்வும் கிடையாது, மதிப்பெண்ணும் கிடையாது. நமக்கும் அதுவே போதும் என்பது என் கட்சி. பாம்பு கடித்தவரிடம் யார் சான்றிதழைக் காட்டப்போகிறார்கள்? வேண்டும் என்று நினைப்பவர்கள் அடுத்த கூட்டத்தில் பேசுங்கள், கேட்கத் தயாராக இருக்கிறேன்.

கடைசியாக, மாணவர்களாக வந்த உங்களுக்கு. ஐம்பது, அறுபது வயதில் பத்துப் பேர் நடுவில் "இது எனக்குத் தெரியாது, இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்று கேட்பது லேசான காரியம் இல்லை. முதல் வாரம் யாரும் கேட்கவில்லை. மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி எங்கே இருக்கிறது என்று ஒரு பெரியவர் கூச்சத்தோடு கேட்டார், அதோடு வாசல் திறந்துகொண்டது. ஐயா, அன்று உங்கள் கேள்விக்குப் பதில் தெரியாமல் தலையாட்டிக்கொண்டிருந்தவர்கள் இன்னும் நிறையப் பேர் இருந்தார்கள். உங்களுக்கு அவர்கள் எல்லோர் சார்பிலும் நன்றி.

அடுத்த சுற்று விதைப்பு முடிந்த பிறகு. பம்புசெட் பராமரிப்பு, தச்சு, அரசு விண்ணப்பம் எழுதுவது என்று மூன்று கோரிக்கைகள் வந்திருக்கின்றன. கற்றுக்கொடுக்க முடிந்தவர்கள் என்னைப் பாருங்கள். எலெக்ட்ரீஷியன் அண்ணனின் டெஸ்டர் இரண்டும் சைக்கிள் கடைக்காரரின் பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒன்றும் இன்னும் திரும்பி வரவில்லை. வைத்திருப்பவர்கள் என் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனால் போதும், யாரென்று கேட்க மாட்டேன்.

அன்புடன்,
வகுப்பு ஒருங்கிணைப்பாளர்