தசை சுருங்குறது அப்பிடியில்ல

ஆசிரியர் ஐயாவுக்கு,

உங்கட பேப்பர் ஹெல்த் பக்கத்துல தசை பத்தி வந்தது நல்லம்தான், ஆனா உள்ளுக்குள்ள இருக்கிற இழையெல்லாம் தானே சுருங்கிக் குட்டையாகுதுன்டு போட்டது சரியில்ல. அக்ரின், மயோசின்டு அந்த ரெண்டு புரத இழையும் நீளத்துல குறையாது, ஒன்ட ஒட்டி ஒன்டு வழுக்கிப் போகுது, இத 1954லயே ரெண்டு குழு தனித்தனியா சொல்லிட்டாங்க (ரெண்டுலயும் ஹக்ஸ்லின்டு ஒராள், ஆனா சொந்தக்காரர் இல்ல). கல்லடிக் கடக்கரையில கரவலை இழுக்கிறவங்களப் பாருங்க, கயிறு சுருங்குதா? ஒராள் பிடிய விட மத்தாள் பிடிச்சிருப்பார், மயோசின் இழையில நீட்டிக்கிட்டு இருக்கிற தலையளும் அப்பிடித்தான் அக்ரினப் பிடிச்சு இழுத்து விட்டுத் திரும்பப் பிடிக்கும். நெனச்ச நேரம் பிடிக்கவும் ஏலா, ட்ரோபோமயோசின்டு இன்னொரு புரதம் அக்ரின்ல தலை பிடிக்கிற இடத்த மறச்சிக்கிட்டுக் கிடக்கும், நரம்புல சிக்னல் வந்து கல்சியம் வெளியாகி அதோட இருக்கிற ட்ரோபோனின்டு புரதத்துல ஒட்டினாத்தான் ட்ரோபோமயோசின் விலகும்.

தசைக்குச் சக்தி குடுக்கிற ஏரீபியப் (ATP) பத்தி ஒரு வரி கூட இல்ல, அதுதான் பெரிய குறை. இழுக்க மட்டுமில்ல, பிடிய விடவும் ஏரீபி வேணும், செத்த மீன் கொஞ்ச நேரத்துல விறச்சுப் போறது ஏரீபி தீர்ந்து மயோசின் தலையெல்லாம் பிடிச்ச பிடியில நிக்கிறதாலதான்.

ஏ.எல். பயோ படிக்கிற புள்ளயள் இதெல்லாம் வெட்டி வச்சுப் படிக்கிதுகள், அடுத்த கிழமை திருத்திப் போடுங்க.

ஒரு வாசகர்,
கல்லடி, மட்டக்களப்பு