அசோசியேஷன் மனம் வைத்தால் ஆகும்
சென்னை அடுக்குமாடிக் குடியிருப்போர் நலச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களுக்கு,

வணக்கம். பூமி சூடாவதைத் தடுக்க வீட்டுக்குள் என்ன செய்யலாம் என்று யோசிக்கும் அக்கம்பக்கத்தார் சிலர் சேர்ந்து நடத்தும் சிறிய குழு எங்களுடையது. தென்சென்னையில் தெருத்தெருவாகப் போய்ப் பேசுகிறோம். சமையலறைக் கழிவை உரமாக்கக் கற்றுக்கொடுக்கிறோம். ஈபி பில்லை வாங்கிப் பார்த்து, எந்தச் சாதனம் அதிகம் இழுக்கிறது என்று உட்கார்ந்து கணக்குப் போட்டுத் தருகிறோம்.

தனி வீடுகளில் "சரி, செய்து பார்க்கிறோம்" என்கிறார்கள், பலர் செய்தும் காட்டுகிறார்கள். அடுக்குமாடிகளில் கேட்கும் பதிலோ வேறு. "எனக்கு ஆசைதான்மா, ஆனா அசோசியேஷன்ல விடமாட்டாங்க." இதைத் திரும்பத் திரும்பக் கேட்டதால்தான் இந்த மடலை வீட்டுக்காரர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறோம்.

பால்கனியில் துணி காயப்போடக் கூடாது. மொட்டை மாடிக்குப் பூட்டு. செடித்தொட்டி வைத்தால் தளம் ஒழுகும். உரப்பானை வைத்தால் நாறும். சோலார் வைக்கக் கேட்டால், கூரை எல்லோருக்கும் பொது. இந்த விதிகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் இருந்திருக்கும். சொட்டிய தண்ணீரால் கீழ்வீட்டுக்காரரோடு வந்த சண்டையோ, ஒழுகிய கூரையைச் சரிசெய்யக் கொடுத்த பணமோ. அந்தச் சிரமங்களைச் சம்பளம் வாங்காமல் சுமக்கிறவர்கள் நீங்கள் என்பதும் தெரியும். ஆனால் விதி போட்ட காலம் வேறு, இன்றைய வெயில் வேறு.

குப்பையிலிருந்து தொடங்குகிறேன். சென்னையில் ஒரு நாளில் சேரும் குப்பை 5,000 டன்னுக்கும் மேல். அதில் பெரும்பகுதி காய்த்தோல், மீந்த சோறு, பூ, இலை என்று மக்கக்கூடியவை. பல ஆண்டுகளாக அவை போய்ச் சேர்ந்த இடங்கள் கொடுங்கையூரும் பெருங்குடியும். மலைபோல் குவிந்து, உள்ளே காற்றுப் புகாத இடத்தில் அழுகும்போது மீத்தேன் உருவாகிறது. 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கு பற்றி எரிந்து, அக்கம்பக்கத்தார் நாள்கணக்கில் புகையைச் சுவாசித்தார்கள். அந்தக் கிடங்கு இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில். அதே ஆண்டில்தான் அந்தச் சதுப்புநிலம், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. இப்போது இரண்டு இடங்களிலும் பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரித்து நிலத்தை மீட்கப் பெரும் பணம் செலவாகிறது. ஒரு பக்கம் பிரித்துக்கொண்டே இன்னொரு பக்கம் நாம் கலந்து கொட்டினால் எப்படி?

உரப்பானை நாறும் என்பது உங்கள் பயம். நியாயமான பயம்தான், ஈரம் கூடிப்போன பானை நிச்சயம் நாறும். ஒரு கை காய்த்தோல் போட்டால் அதன்மேல் ஒரு கை காய்ந்த சருகோ தேங்காய் நார்த்தூளோ போட வேண்டும். பானையின் பக்கங்களில் துளை இருக்க வேண்டும். தொடக்கத்தில் கொஞ்சம் புளித்த மோர் தெளித்தால் நுண்ணுயிர்கள் வேகமாக வேலையைத் தொடங்கும். புழு வந்தால் யாரும் அலற வேண்டாம், ஈரம் அதிகம் என்பதைத்தான் அது சொல்கிறது. கிளறிவிட்டு, சருகைக் கூட்டிப் போட்டு, வேப்பம்புண்ணாக்கைத் தூவினால் அடங்கிவிடும். இரண்டு மாத அளவில் கறுப்பாக, பொலபொலவென்று, மண்வாசனையோடு உரம் கிடைக்கும். சருகுக்கு எங்கே போவது என்று கேட்கிறார்கள். உங்கள் வளாகத்தில் தினமும் காலையில் பெருக்கி, மூட்டை கட்டி, குப்பை வண்டியில் ஏற்றுவது அதைத்தானே!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்பு வளாகங்கள், மக்கும் குப்பையை இயன்றவரை வளாகத்துக்குள்ளேயே உரமாக்கவோ எரிவாயுவாக்கவோ வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே அப்போது சொல்லியிருந்தன. ஆகவே உங்களிடம் பானை வைக்க அனுமதி கேட்கும் அந்த மூன்றாம் மாடி அம்மா சலுகை எதுவும் கேட்கவில்லை. சங்கம் செய்திருக்க வேண்டிய வேலையைத் தானே செய்கிறேன் என்கிறார்.

அடுத்தது மொட்டை மாடி. வருடத்தில் பெரும்பாலான நாட்கள் வெயில் கொளுத்தும் ஊரில், கொடி கட்ட இடமில்லாமல் டிரையர் வாங்குகிறார்கள். இதைப் பார்க்கும்போது மனம் ஆறவில்லை. கட்டடத்தின் முகப்பு அழகு கெடக் கூடாது என்றால் சரி, பால்கனியை விட்டுவிடுவோம். மாடியில் ஒரு பகுதியைக் கொடிக்கு ஒதுக்கி, பகலில் பூட்டைத் திறந்துவையுங்கள்.

அதே மாடித் தளத்தில் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்துப் பாருங்கள். மேல்தளத்தில் குடியிருப்பவர்களைக் கேளுங்கள், இரவு பதினொரு மணிக்கும் கூரை அனலைக் கக்கும் என்பார்கள். அந்தச் சூட்டோடு போராட ஏசியை 18-க்கு இறக்குகிறார்கள். ஏசியின் அளவை ஒரு டிகிரி கூட்டினாலே சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன அமைப்பு சொல்லும் கணக்கு. கூரை குளிர்ந்தால் கூட்டுவது சுலபம். பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும் இடத்தில் பிஎல்டிசி என்னும் மின்சிக்கன மோட்டார் விசிறி 30 வாட் அளவில் சுழலும். வீட்டுக்கு வீடு தனித்தனியாக வாங்குவதற்குப் பதில் சங்கமே மொத்தமாக விலை பேசினால் எல்லோருக்கும் லாபம்.

கூரை பொது என்று சோலாரை மறுப்பதில்தான் எங்களுக்குப் பெரிய வருத்தம். பொதுவாக இருப்பதால்தானே சங்கமே அதை வைக்க முடியும்? பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்கென்று கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் இருக்கிறது. ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி வேண்டும், நாளுக்கு 4 யூனிட் அளவில் வரும். லிஃப்ட், மோட்டார், மாடிப்படி விளக்குகளுக்கு நீங்கள் கட்டும் கட்டணம் வீட்டு இணைப்பைவிடக் கூடுதல் என்பதைப் பொருளாளரைவிட யார் நன்றாக அறிவார்? நம் நாட்டு மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 700 கிராம் அளவில் கரியமில வாயு வெளியாகிறது, சோலார் வைத்தால் அதுவும் குறையும். மின்வண்டி வைத்திருப்பவர்கள் சார்ஜ் போட இடம் கேட்டால், தனி மீட்டரோடு அனுமதித்துவிடுங்கள்.

மழைநீர் சேகரிப்பு 2003-இலேயே எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாகிவிட்டது. குழி இருக்கிறது, தூர்வாரியது எப்போது என்றால் பல இடங்களில் பதில் இல்லை. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. 1,000 சதுர அடிக் கூரையில் மட்டும் விழுவது ஏறத்தாழ 1.3 லட்சம் லிட்டர். அதை வடிகாலில் விட்டுவிட்டு, டீசல் எரித்து வரும் லாரித் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறோம். புரட்டாசி முடிவதற்குள் குழிகளைத் திறந்து பாருங்கள்.

எல்லாவற்றையும் ஒரே கூட்டத்தில் நிறைவேற்றச் சொல்லவில்லை. அடுத்த பொதுக்குழுவில் உரப்பானையையும் துணிக்கொடியையும் மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டுக்கும் செலவு அதிகமில்லை. கூட்டத்துக்கு முன்னால், வீட்டு வேலைக்கு வரும் அக்காக்கள், தோட்டக்காரர், குப்பை எடுக்கும் தூய்மைப் பணியாளர் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசுங்கள். குப்பையைக் கையால் தொடுகிறவர்கள் அவர்கள்தான், எது நடக்கும், எது நடக்காது என்று உங்களைவிடவும் எங்களைவிடவும் அவர்களுக்குத் தெரியும். அவர்கள் தலையில் கூடுதல் வேலை விழுந்தால் கூடுதல் சம்பளமும் கொடுக்க வேண்டும். இதில் எங்கள் குழுவுக்கு மாற்றுக்கருத்தே கிடையாது.

வளாகத்தில் ஒரு மூலை ஒதுக்கித் தந்தால், முதல் இரண்டு மாதம் நாங்களே வந்து பானைகளைப் பார்த்துக்கொள்கிறோம். பானையும் நார்த்தூளும் எங்கள் பொறுப்பு. நாற்றம் என்று யாராவது புகார் சொன்னால் அன்றைக்கே எடுத்துவிடுகிறோம். தேதி மட்டும் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் நல்லது, எல்லோரும் வீட்டில் இருப்பார்கள்.

அன்புடன்,
குழுவினர் சார்பில் ஒரு பக்கத்துத் தெருக்காரர்