மகளுக்கு, கத்தி விஷயமாக

மண்டபம்

அன்பு மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ அனுப்பின படம் வந்தது. மரக்கட்டையில் பதினைந்து கத்தியைச் செருகி, கத்தரிக்கோலும் வைத்து, பாதி விலை என்று போட்டிருக்கிறான். வாங்காதே. துபாயில் ஹோட்டல் கிச்சனில் மீன் வெட்டிச் சம்பாதித்தவன் சொல்கிறேன், அங்கே கைதேர்ந்த சமையல்காரர்கள்கூட நாள் முழுக்கப் புழங்கியது இரண்டு மூன்று கத்திதான். அந்தக் காசை அப்படியே ஒரு கத்தியில் போடு.

20 சென்டிமீட்டர் நீளத்தில் செஃப் கத்தி ஒன்று. வெங்காயம், கறி, கீரை, சின்ன மீன் எல்லாம் அதிலேயே ஓடிவிடும். பூண்டு, இஞ்சிக்கு ஒரு சின்னக் கத்தி. ரொட்டி தின்கிற ஊராச்சே, பல் வைத்த கத்தி ஒன்று. அதை வீட்டில் தீட்டுவது பெரும்பாடு, அதனால் மலிவானதே போதும்.

உன் டுசல்டார்ஃபிலிருந்து, கத்திக்குப் பேர்போன சோலிங்கன் ஊர் பக்கம்தான். அந்த வட்டாரத்தில் செய்த கத்திக்கு மட்டும்தான் அந்தப் பெயரைக் குத்தலாம் என்று 1938லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். ஒரு நாள் நேரில் போய்க் கையில் பிடித்துப் பார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடியைத் தாண்டி, இரும்பு பிடியோடு சேர்கிற இடத்தை இரு பக்கமும் கிள்ளிப் பிடிக்க வேண்டும், மற்ற மூன்று விரல் பிடியில். அப்படிப் பிடிக்கும்போது மணிக்கட்டு இழுக்கக் கூடாது. இதைப் படத்தில் பார்த்து எப்படி வாங்குவாய்?

இரும்பின் மேல் எக்ஸ்-50 என்று ஆரம்பித்து 15 என்று முடிகிற குறி இருந்தால் யோசிக்காமல் எடு. கரி, அதாவது கார்பன், அரை சதவீதம், குரோமியம் 15 சதவீதம் சுமாருக்கு இருக்கிறது என்று அர்த்தம். குரோமியம்தான் துருவைத் தடுக்கிறது. கரிதான் கடினம் கொடுக்கிறது. கடினத்தை அளக்கிற ராக்வெல் அளவில் ஜெர்மன் கத்தி 56, 58 வரும். ஜப்பான்காரன் கத்தி 60ஐத் தாண்டும். கூர் நெடுநாள் நிற்கும், ஆனால் முள்ளில் பட்டால் வெட்டுகிற வாயில் பொக்கை விழும். நம்ம ஊர் வெட்டு நடுமுள்ளோடு சேர்த்துப் போடுகிற துண்டு. துருக்கிக் கடையில் முழு மீன் வாங்கி நீயே வெட்டுவதாகச் சொன்னாயே, அதற்கு ஜெர்மன்காரனே சரி. இரும்பில் அலை அலையாகக் கோலம் போட்டதைக் காட்டி விலை ஏற்றுவான். மலிவுக் கத்தியில் அது மேலே பொறித்த படம், வெட்டுக்கு ஒன்றும் உதவாது.

உன் உம்மா அருவாமனையில் சீலா மீன் அறுப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நீ. அங்கே இரும்பு அசையாது, மீன்தான் நகரும். கால் பலகையை மிதித்துக்கொள்ளும், இரண்டு கையும் மீனில் இருக்கும். கத்தியில் எல்லாம் தலைகீழ். மீனைப் பிடிக்கிற கையின் விரல்நுனியை உள்ளே மடக்கிக்கொள், இரும்பின் பக்கவாட்டு விரல்முட்டியை உரசியபடி இறங்கட்டும். முதல் வாரம் மெதுவாக வெட்டு.

இனி தீட்டுகிற விஷயம். எவ்வளவு நல்ல கத்தியும் மழுங்கும், அதை நீயே தீட்டத் தெரிந்துகொள். இங்கே தெருவில் சைக்கிள் மிதித்துச் சாணை பிடிக்க வருகிறவரிடம் உம்மா அருவாமனையைக் கொடுப்பாள், அதற்கு அது போதும். உன் கத்தியை மிஷினில் கொடுக்காதே. சக்கரம் சூடேற்றி வாய் நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடத்தில் பதம் போச்சு. பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. அதை அறுத்து எறிந்து புது வாய் எடுக்க வேண்டியதுதான்.

தண்ணீரில் நனைத்துத் தீட்டுகிற கல், 1000 நம்பர் சொரசொரப்பில் ஒன்று வாங்கு. குமிழி அடங்கும் வரை தண்ணீரில் ஊறப் போடு. கீழே ஈரத்துணி விரித்து அதன்மேல் கல்லை வை, நகராது. கத்தியைக் கல்லின்மேல் நேர்குத்தாக நிறுத்து. அதைப் பாதி சாய், மறுபடி பாதி சாய், இன்னும் துளி சாய்: 20 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்பாய். அந்தச் சாய்வு கடைசிவரை மாறக் கூடாது, வித்தை முழுக்க இதில்தான். பிடியடியிலிருந்து நுனி வரை, அழுத்தம் கொடுத்துத் தள்ளு, லேசாக இழு. கல்லில் சேறு மாதிரிக் கறுப்பாக வரும், கழுவிவிடாதே, அதுவும் சேர்ந்துதான் தேய்க்கிறது. கொஞ்ச நேரம் கழித்து மறுபக்கத்தில் கட்டைவிரலைக் குறுக்கே வைத்துத் தடவிப் பார். நீளவாக்கில் தடவிவிடாதே, அறுத்துவிடும். சன்னமாகப் பிசிறு தட்டுப்படும். அடி முதல் நுனி வரை பிசிறு வந்திருந்தால் அந்தப் பக்கம் முடிந்தது, திருப்பு. பிசிறு வராமல் பக்கம் மாற்றுகிறவர்கள்தான் ‘தீட்டியும் வெட்டவில்லை’ என்பார்கள். கடைசியில் அழுத்தாமல் மாற்றி மாற்றி நாலு இழுப்பு இழுத்து, பழைய பேப்பரில் உரசிப் பிசிறை எடு. பழுத்த தக்காளியை அழுத்தாமல் அறுத்துப் பார், தோல் வழுக்கினால் மறுபடி கல்லுக்குப் போ.

கூடவே விற்கிற உருண்டைக் கம்பி தீட்டுவதற்கு இல்லை. வெட்ட வெட்ட வாய் ஒரு பக்கம் மடங்கும், அதை நிமிர்த்துவதற்கு. சமைக்கும் முன் இரண்டு இழுப்பு, அவ்வளவே. அவசரத்துக்கு பீங்கான் கப்பைக் கவிழ்த்து, பூச்சில்லாத அடி வளையத்தில் உரசலாம். நானும் செய்ததுண்டு, கிச்சனில் பெரியவர் இல்லாத நேரமாகப் பார்த்து.

கண்ணாடி, கிரானைட் மேல் வைத்து வெட்டாதே, மரப்பலகை வாங்கு. டிஷ்வாஷரில் போடாதே. மீன் வெட்டிய கையோடு கழுவித் துடைத்து வை. துருப்பிடிக்காத இரும்பு என்று பெயரே தவிர, உப்பு காய்ந்து கிடந்தால் அதிலும் புள்ளி விழும். இந்தக் கடல்காற்றில் லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த என் கத்தி ஓர் இரவு தேங்காய் எண்ணெய் தடவாமல் கிடந்தால் விடியும்போது சிவந்து நிற்கும். உனக்கு அந்தப் பாடு இல்லை.

இங்கே தடைக்காலம். ஜூன் 14 வரை விசைப்படகு இறங்காது, நாட்டுப்படகு மீன்தான் வருகிறது. வேலை குறைவு, அதனால்தான் கடிதம் இப்படி நீண்டுவிட்டது. உம்மா தனக்கும் அந்த ஊர்ச் சின்னக் கத்தி ஒன்று வேண்டும் என்கிறாள். வரும்போது வாங்கினால் அட்டையில் சுற்றிப் பெரிய பெட்டியில் போடு. கைப்பையில் இருந்தால் ஏர்போர்ட்டிலேயே பிடுங்கிக்கொள்வான்.

இப்படிக்கு,
வாப்பா